ஏலாத வேலைகள்

செவ்வாய், இரவு.

என் தோள்மூட்டு வருத்தம் அன்றாட வேலைகளை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அறிய, இன்று கண்டிக் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் என்னிடம் கேள்வி கேட்டாள். ஹேவாஹெட்டப் பக்கத்துப் பிள்ளை.

"கொடியில உடுப்புக் காயப்போட முடியுதுங்களா ஐயா?"

"ஏலாது."

"வீடு கூட்ட?"

"ஏலாது."

"கோப்பை கழுவ?"

"அதுவும் ஏலாது."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி வாயைத் திறந்தாள்.

"பிள்ளை, வருத்தம் வந்தது போன மாசம். இதெல்லாம் இவருக்குக் கலியாணம் கட்டின நாள் தொட்டே ஏலாது."

டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் பொய் சொல்லவில்லை. வருத்தத்தால்தான் ஏலாது என்று நானும் நம்பியிருந்தேன்.

டொக்டர் என் தோளை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கையை மேல தூக்கிப் பழகணுங்க. இனிமே தெனமும் உடுப்பை நீங்களே காயப்போடுங்க."

"எத்தினை நாளைக்கு?" என்று மனைவி ஆவலோடு கேட்டாள்.

"நிறுத்தவே வேணாங்க அம்மா."

வரும் வழியில் மனைவி இரண்டு பாக்கெட் உடுப்புக் கிளிப் வாங்கினாள். ஒன்று போதாதா என்றேன்.

"நாளைக்குத் திரைச்சீலையளும் தோய்க்கப் போறன்" என்றாள்.

தோள் இப்போதே நோகிறது.