வால்வு மேல் வைத்த சந்தனம்

கொளஞ்சியப்பர் துணை

விருத்தாசலம்
3.9.2008

அன்பு மகன் தமிழ்மணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அக்கா அனுசியாவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஷார்ஜா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் சாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அனுசியா திட்டக்குடியிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அப்பா போட்டோவை இறக்கிக் காட்டினால் அதையும் கடிக்க வருகிறாள். செராமிக் கம்பெனியில் என்னை இப்போது பீங்கான் பியூஸ் கேரியரை மினுமினுப்புக்கான கிளேஸ் குழம்பில் முக்கி எடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தே செய்யலாம், முட்டி வலி பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லையப்பா. அப்பாவின் கிடாரோடு கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிற கோவிந்தசாமி மாமா உன்னிடம் ஏதோ சொன்னாராம், அப்பா கடைசி எட்டு மாசம் தன்னுடைய சவுண்டு இல்லாமலே கச்சேரி பண்ணினார் என்று. அதைக் கேட்டுவிட்டு நீ, "நான்தாம்மா அந்த டிஜிட்டல் பொட்டிய அனுப்பி அவரு வால்வு செட்ட மூலையில போட வச்சேன், சாவுக்கும் வரல, இப்ப எந்த மூஞ்ச வச்சிகிட்டு வூட்டுக்கு வரது" என்றாய். அக்டோபர் லீவும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். எழுதிக் கொடுத்துவிடாதே. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், கடைசிவரை படி.

போன வருஷம் ஆடியில் மங்கலம்பேட்டை பாய் கையில் நீ கொடுத்தனுப்பிய டிஜிட்டல் பொட்டி வந்த அன்றே அப்பாவும் கோவிந்தசாமியும் அதை, கிடாருக்குச் சத்தம் கூட்டுகிற நம் பழைய வால்வு செட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே கிடாரை இதில் மாட்டி அதில் மாட்டி மத்தியானம் முழுக்கப் பார்த்தார்கள். நம் செட்டு உனக்குத் தெரியும், சுவிட்சு போட்டால் கண்ணாடிக்குள் நெருப்பு சிவந்து வருகிறவரைக்கும் காத்திருக்கவேண்டும், தூசி காய்கிற வாசனை வரும், சும்மா இருக்கும்போதே ம்ம்மென்று முனகும், தூக்க இரண்டு ஆள் வேண்டும், நல்லூர்ப் பக்கம் ஜெனரேட்டரில் ஓடவிட்டால் குரல் கம்மிப் படுத்துக்கொள்ளும். உன் பொட்டி மாட்டின உடனே பேசியது, முனகல் இல்லை, நம்பர் திருப்பத் திருப்ப ஊரிலுள்ள செட்டு மாதிரியெல்லாம் பேசியது. அப்பா அதைக் குறை சொல்லவே இல்லை. கோவிந்தசாமியிடம் சொன்னார், "கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா, என் வெரலுக்குத்தான் தெரியுது. மெதுவா தொட்டா அது மெதுவா பேசும், ஓங்கி அடிச்சா தொண்ட கிழியும். இது எப்படி தொட்டாலும் மரியாதையா பேசுது." அதன்பிறகு ஊருக்குள் கச்சேரி என்றால் வால்வு செட்டு, பஸ்ஸில் போகிற ஊரென்றால் உன் பொட்டி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். நீ அனுப்பியதால் எதையும் அவர் மூலையில் போடவில்லை, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

ஆயுத பூசை அன்று, மறுநாள் கச்சேரி இருக்கிறதே என்று செட்டைப் போட்டுப் பார்த்தவர், அதை ஓடவிட்டபடியே பொரிகடலை வாங்கப் போய்விட்டார். நான் அரிவாள்மணை, தையல் மிஷின், கிடார் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். செட்டின் பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே நாலு வால்வும் சிவந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், சோறு போடுகிறதே இதுதானே, மேல்தகரத்துக்கு வைத்தால் போதுமா என்று கையை உள்ளே விட்டேன். சின்னது இரண்டுக்கும் வைத்துவிட்டுப் பெரியதில் ஈரச் சந்தனத்தை வைத்தேன், டிக் என்று ஒரு சத்தம், உச்சியில் கருப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது கண்ணெதிரே பால்போல வெளுத்துப்போனது. சூட்டோடு இருக்கிற சாமானில் ஈரம் பட்டால் விரிசல் விடும் என்று பத்தொன்பது வருஷமாக சூளைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? அன்றைக்கு எனக்கு அது தோன்றவேயில்லை தமிழு.

அப்பா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவிட்சை நிறுத்திவிட்டு மற்ற வால்வுகளில் இருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்தார், பிறகு "பூசை நாள்ல அழுவாத, எந்திரிச்சி படையல் போடு, பையன் பொட்டிதான் இருக்குதே" என்றார். மெட்ராசில் இரண்டு தடவை தேடிவிட்டு வந்தார், அந்த வால்வு கிடைக்கவில்லை, அது இல்லாமல் செட்டு பேசாது. உன்னிடம் கேட்கலாமே என்று நானே சொன்னேன், "கேட்டா எப்பிடி ஒடஞ்சுதுன்னு கேப்பான், நீ பதில் சொல்லணும், வேணாம்" என்றுவிட்டார். கோவிந்தசாமியிடம் முதுகு வலி, செட்டைத் தூக்க முடியவில்லை என்றார். உன்னிடம் போனில் உன் பொட்டி மாதிரி வருமா என்றார். என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று அந்த மனுஷன் எட்டு மாசம் வாயை மூடிக்கொண்டே கச்சேரி பண்ணி, ஆனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ எங்கிருந்தாவது அந்த வால்வை வாங்கி அனுப்பியிருப்பாய். அவருக்குத் தெரியாமல் நானாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம், பயந்துகொண்டு சொல்லாமலிருந்தேன். இப்போது நீ உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அழுகிறாய், இன்னமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தாயே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தசாமி பொட்டியைச் சோதித்துப் பார்க்க வந்தார். கடைசி நம்பரில் அப்பா பிளாஸ்திரி ஒட்டி "வூட்டு செட்டு" என்று எழுதி வைத்திருந்தார். கோவிந்தசாமி அந்த நம்பரைத் திருப்பி கிடாரில் ஒரு கம்பியைத் தட்டினார், நம் வால்வு செட்டுச் சத்தம் கேட்டு நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். அந்த முனகலைக்கூட அப்பா எப்படியோ கொண்டுவந்து வைத்திருக்கிறார். முழுசும் இல்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. கச்சேரி இல்லாத நாளெல்லாம் அவர் அதோடு உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் பொட்டியை அவர் வெறுக்கவில்லையப்பா.

இந்த வருஷம் அக்டோபர் எட்டாம் தேதி ஆயுத பூசை. உடைந்த வால்வை இன்னும் கழற்றவில்லை, அது உட்கார்ந்திருக்கிற பீங்கான் அடிக்கட்டை நான் கம்பெனியில் செய்து கொண்டுவந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் ஈஎல் 34 என்று எழுதியிருப்பதாக கோவிந்தசாமி படித்துச் சொன்னார், மறக்காமல் குறித்துக்கொள். எங்கே கிடைக்கிறதோ வாங்கு, ஆனால் பார்சலில் போடாதே, யார் கையிலும் கொடுத்தனுப்பாதே, அது கண்ணாடி. நீயே கையில் வைத்துக்கொண்டு வா. வந்து, என்னைத் திட்டவேண்டுமென்றால் திட்டு, அவர் திட்டாததையும் சேர்த்துத் திட்டு. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்கவேண்டும்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
வீ. கொளஞ்சியம்மாள்