பாதி ஆளுக்கு ஜனாஸா கிடையாது

1946 நவம்பர் 4

மஜீது தம்பி, சவுக்கியமா? எந்தக் கரையில் இருக்கிறாய், வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? உன் அண்ணன் காஜா மொய்தீன் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவன் எழுதுகிறானே என்று சிரிக்காதே. தண்டையார்பேட்டை கிடங்கில் மூட்டை மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. முதலில் படித்த சொல் சர்க்கரை. அந்த மூட்டையில் ஒரு ஓட்டையும் இருந்தது. ருசி பார்த்தே படித்தேன். சரி, அந்தக் கதை கிடக்கட்டும்.

நீ கரி தள்ளப் போன கப்பல் மூழ்கி நாலு வருஷம் தாண்டிவிட்டது. பிழைத்தவர்களில் நீ இல்லை. செத்தவர்களிலும் உன்னைப் பார்த்ததாக ஒருவனும் சொல்லவில்லை. உன் பெண்டாட்டி ஜெரினா மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளுகிறாள். இருமல் நிற்கவில்லை.

நவம்பர் 9

பழைய இரும்புக் கடை அத்தாவுல்லா ஜெரினாவை நிக்காஹ் செய்யக் கேட்டிருக்கிறார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், நல்ல மனுசன். ஆனால் அதற்கு முன்னால் பள்ளிவாசல் ஹஜ்ரத் உனக்கு இறந்தவர்களுக்குரிய ஜனாஸா தொழவைக்க வேண்டும், உடல் இல்லாமலே. அதற்கு, நீ செத்துப்போனாய் என்று கூடப்பிறந்தவன் நான் சொல்ல வேண்டும்.

"எத்தினி நம்புறே மொய்தீனு?" என்றார் ஹஜ்ரத்.

"பாதி."

"பாதி ஆளுக்கு ஜனாஸா கெடையாதுப்பா."

கூட மூட்டை தூக்குகிற கமால் சும்மா இருப்பானா? "மீதி பாதிக்கு வேற பொண்ணு பாத்துடலாம் ஹஜ்ரத்" என்றான். ஹஜ்ரத்தே சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

கிளம்பும்போது தோளைத் தொட்டார். "நிச்சயமாத் தெரியுமான்னு நான் கேக்கல. மனசு எந்தப் பக்கம் சாஞ்சிகினு கீது? அத்த மட்டும் சொல்லு."

நவம்பர் 10

எந்தப் பக்கமும் சாயவில்லை.

நவம்பர் 17

நாளைக்கு விடியும் என்று நம்புகிறேன். பாரிமுனைக்கு பஸ் வரும் என்றும் நம்புகிறேன். சொல் ஒன்றுதான், கனம் ஒன்றா? பஸ் வராவிட்டால் நடந்து போவேன். விடியாவிட்டால் எங்கே போவேன்? நீ வருவாய் என்கிறேனே, அது இதில் எது?

ஜெரினா நேற்று துப்பியதில் சிவப்பு. மிளகாய்ச் சாயம் என்கிறாள்.

நவம்பர் 24

இன்றைக்கு ஜெரினாவோடு சண்டை. "வருவான், பொறுத்துக்கோ" என்றேன்.

"நெசமாவா அண்ணே? போன வருச மழையில அவரு கட்டில ஒடச்சி அடுப்புல வெச்சியே. வர்றவரு எங்க படுப்பாரு?"

"வெறகெல்லாம் ஈரமாயிடிச்சி..."

"ஒன் கட்டிலும் பக்கத்துலதானே கெடந்துச்சி?"

என் வீட்டுக்காரி ரஹீமுன்னிசா அரிசி களைவதை நிறுத்திவிட்டாள். ஜெரினாதான் மறுபடி பேசினாள்: "நானும் அந்த நெருப்புல குளிர் காஞ்சிகினு சும்மாத்தான் குந்திகினு இருந்தேன். ஒன்ன மட்டும் இன்னாத்துக்குச் சொல்றது?"

யா அல்லாஹ். நாலு வருஷமாக வாய் வருவான் வருவான் என்கிறது, கை என்றைக்கோ முடிவு கட்டிவிட்டது. எத்தடா நம்புறது மஜீது? வாயையா, கையையா? கோடாலிய ஓங்கறப்போ இந்த மனசு எங்க போயிருந்திச்சி? என் கட்டிலு கண்ணுல படவேயில்லியே! நான் இன்னாத்த நம்புறேன்னு எனக்கே தெரியலியேடா!

நவம்பர் 29, வெள்ளி

ஹஜ்ரத்திடம் "சாயுது" என்று சொல்லிவிட்டேன்.

ஜும்மாவுக்குப் பிறகு தொழுதார்கள். எதிரே உடல் வைக்கிற சந்தூக்கு இல்லை, வெறும் பாய். கிண்டல் பண்ணின கமால் விக்கி விக்கி அழுதான். நான் அழவில்லை. அழுதால் முழுசாகிவிடும்.

1947 பிப்ரவரி 20

ஜெரினா புருஷன் செத்தவளுக்குரிய இத்தாவில் இருக்கிறாள், நாலு மாசம் பத்து நாள். வெளியே வருவதில்லை, கிடங்குக்கும் போவதில்லை. இருமல் அடங்கிவிட்டதாக ரஹீமுன்னிசா சொல்கிறாள். உன்னைச் சாகவைத்து அவளுக்கு மூச்சு வாங்கிக் கொடுத்தேன். இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 13

இன்று நிக்காஹ். நானும் ஒரு சாட்சி. வாசலெல்லாம் பிரியாணி வாசனை. ஜெரினா திரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, முழுசா நம்பித்தானே அன்னிக்கிச் சொன்னே?"

"முழுசா" என்றேன்.

திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. வளையல் சத்தம்.

இங்கே மூலையில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். தெருமுனையில் யார் திரும்பினாலும் நீயோ என்று எட்டிப் பார்க்கிறேன். இதற்குப் பெயர் என்ன, நம்பிக்கையா? தம்பி, இன்னிக்கு வராதேடா. ஒன் காலப் புடிச்சிக் கேக்குறேன். நாளிக்கி வா, என்னை வெட்டிப் போடு, வாங்கிக்கிறேன். இன்னிக்கி மட்டும் வேணாம்.

கமால் வாசலில் நின்று கத்துகிறான்: "யோவ் மொய்தீனு, சாட்சிக்காரன் எங்கய்யா பூட்டே? ஹஜ்ரத் குந்திகினு கீறாரு!"

இதோ வந்துட்டேன். மஜீது, நீ எங்கியாவது உசுரோட இருந்தா...