லோ சவுண்ட் விசில்

என்ரை குஞ்சு,

அம்மாவோடு வெக்ஸ்போர்ட் வீடு பழகிவிட்டதா? இங்கே குளிர்தான்.

பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த நீள ஐரிஷ் விசில் குழலைக் கட்டிலுக்கடியில் விட்டுப் போயிருக்கிறாய். நேற்று எடுத்து ஊதிப் பார்த்தேன். ஓட்டைகளுக்கு என் விரல்களே எட்டவில்லை. உன் விரல்களுக்கு எப்படி எட்டியிருக்கும்?

நான் இரவு வேலை முடித்து வந்து படுத்தால் உன் சின்ன விசில் காதைக் கிழிக்கும். அதனால்தான் கடையில், "லோ சவுண்ட் விசில், ப்ளீஸ்" என்று கேட்டேன். மெதுவாகச் சத்தம் போடுவதைத்தான் கேட்டேன். கடைக்காரர் தாழ்ந்த சுருதி விசிலைத் தந்துவிட்டார். புதியது வந்ததென்று உன் பழையதை அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தாங்க்ஸ் அப்பா, இட்ஸ் நைஸ்" என்றாய். பிறகு ஊதவேயில்லை. "உவளுக்கு ஆசை விட்டுப்போச்சு" என்று அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அந்த நாட்களில் எனக்கு நல்ல நித்திரை.

இந்தப் பார்சலில் இருப்பது சின்ன விசில். கடைக்காரரையே ஊதிக் காட்டச் சொன்னேன். காதைக் கிழித்தது, வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை வரும்போது கொண்டு வா. வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நித்திரைதான் வருவதில்லை.

உன்
அப்பா