கட்டிலுக்கு நீ அறுத்த கட்டைகள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், நீ அனுப்பிய படத்தில் கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. அப்பாவுக்கு இடது கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. குளிப்பாட்டும்போது குளியலறை நாற்காலியிலிருந்து வழுக்கியதாக உன்னிடம் போனில் சொன்னாரே, அது பச்சைப் பொய். நீ வைத்துவிட்டுப் போன கட்டை சாய்ந்து, கட்டிலிலிருந்து விழுந்தார். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். செய்து கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லீவில் வந்தபோது, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவரைக் குனிந்து தூக்கி எனக்கு இடுப்பு ஒடிகிறதென்று, கட்டிலை உயர்த்தித் தருவதாகக் கிளம்பினாய். கொல்லையில் கிடந்த உத்திரத்தில் நான்கு கட்டை. அந்தக் கனத்துக்கு அப்பாவின் மெஷின் ரம்பம் பாதிதான் இறங்கும், திருப்பிப் போட்டு மறுபாதியை அறுக்க வேண்டும். கோடு நான்கு பக்கமும் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே வந்து முட்டினால்தான் இரண்டு வெட்டும் ஒன்று சேரும். டேய், குறி போட்ட பக்கத்துலயே மூலைமட்டத்த வச்சுக் கோடு போடுடா என்று அவர் படுக்கையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். தெரியும்பா, வீடியோ பாத்துட்டேன் என்றாய். நீ ஒரே பக்கத்தை ஆதாரமாக வைத்துக்கொள்ளாமல், கைக்கு வந்த பக்கமெல்லாம் அந்த ‘ட’ வடிவ மட்டத்தை வைத்தாய். கோடு ஒரு தீக்குச்சிக் கனம் தள்ளிப்போய் நின்றது. அதையும் பார்த்தாய். அடியில போறதுதானே, யாரு பாக்கப் போறா என்றாய். அடியில்தானடா தரை இருக்கிறது, அறிவுகெட்டவனே! ஆடின கட்டைக்கு அட்டையை மடித்துச் சொருகி, படம் பிடித்து, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு விமானம் ஏறினாய்.

அட்டை நசுங்கிப் போனது. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் ஆடியது. மரக்கடையில் சொல்லி வேறு அறுத்து வாங்கலாம் என்றேன். பையன் ஆசையா செஞ்சது, தாலாட்டுற மாதிரிதான் இருக்கு, விடு என்று சிரித்தார். போன வாரம் விரிப்பை மாற்ற அவரை ஒருக்களித்தேன், கட்டை புரண்டது. என் கையிலிருந்துதான் நழுவி விழுந்தார். அந்தச் சத்தம் எனக்குக் காதை விட்டுப் போகவில்லை, உனக்கும் போகக்கூடாது.

அத்தையை ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணைக்கு விட்டுவிட்டு வந்து, மிச்ச உத்திரத்தில் புதிதாக நான்கு கட்டை நானே அறுத்தேன். கத்தி முனையால் கோடு கீறி, கை ரம்பத்தால் ஒரு மூலையில் கொஞ்சம், திருப்பிப் போட்டு அடுத்த மூலையில் கொஞ்சம் என்று நான்கு பக்கமும் இறக்கிக்கொண்டே போனேன். அவசரப்படாமல் அறுத்தால் வரும், அவ்வளவுதான் வித்தை. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. இப்போது நான் ஏறி உட்கார்ந்தாலும் கட்டில் அசையவில்லை. உன் கட்டைகளைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன், நன்றாக எரிந்தன.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. வீடு திரும்பியபின் பார்க்க வந்த டாக்டரிடம், என் பையன் வெட்டின கட்டைங்க, இப்ப நல்லாப் படிஞ்சிடுச்சு பாத்தீங்களா என்று பெருமையடிக்கிறார்.

பெற்ற வயிறு, நன்றாக இரு என்றுதான் சொல்லும். வேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, கட்டை எப்படிப்பா இருக்கு என்று மறக்காமல் கேள். உன்னைப் புகழ ஆரம்பிப்பார். வேலை இருக்கிறதென்று வைத்துவிடாதே, அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா