உன் வசனங்களைத் தாண்டி வாசித்தேன்

என் உயிரான பெரியக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எதையும் உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லையே.

முதலில் ஊர்ச் செய்தி. எதிர்வீட்டில் டி.வி. வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருவே அங்கேதான் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ வேலை பார்த்த வார்டுக்குப் புது நர்ஸ் வந்திருக்கிறாள், குரலை உயர்த்தத் தெரியாத பெண். நான் ராத்திரி சாப்பிடும்போது பேச்சுத்துணைக்கு ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்கிறேன். மிளகாய்ச் செடிக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று கேள், உடனே சொல்கிறேன். வாத்திச்சிக்கு இது தேவையா என்று நீ சிரிப்பாய்.

இப்போது வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நீ நர்ஸ் வேலைக்கும் நான் டீச்சர் வேலைக்குமாகச் சங்கரன்கோவிலுக்கு வந்தோம். கல்யாணம் என்று ஒன்றும் கூடிவராமல் இந்தத் தெருவிலேயே நின்றுவிட்டோம். தெருவில் வேதக்கார வீடு நம்முடையது ஒன்றுதான். விடிந்து விசைத்தறிகள் ஓட ஆரம்பிக்குமுன் பாயை விரித்து உட்காருவோம். ஒற்றைப்படை வசனம் எனக்கு, இரட்டைப்படை வசனம் உனக்கு என்று மாற்றி மாற்றி வாசிப்போம். அப்பா இருந்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. வாசித்து முடித்ததும் ஜெபம் எப்போதும் நீதான். எனக்கு வராது என்று சொன்னால் ஏசுவாய்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைகள்ட்ட கத்துத. ஆண்டவர்ட்ட பேச மட்டும் வாய் வலிக்கா ஒனக்கு?"

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நீ போனாய். அதற்குப் பிறகும் நான் பாயை விரிக்காமல் இருந்ததில்லை. போதகர் வந்து, "வேத வாசிப்ப மட்டும் விட்டுராதீங்க டீச்சர்" என்றார். விடவில்லை. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? என் வசனத்தை வாசிப்பேன். நீ வாசிக்கிற நேரத்துக்குச் சும்மா இருப்பேன். பிறகு என்னுடைய அடுத்த வசனம். வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. இத்தனை வருஷத்துப் பழக்கம், கண் தானாகவே உன் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கடைசியில் நீ ஜெபம் பண்ணுவாய் என்று கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுப் பாயைச் சுருட்டுவேன்.

உன்னைப்போல வெள்ளிக்கிழமை உபவாசமும் இருந்து பார்த்தேன். பசித்ததுதான் மிச்சம்.

இதைப் போதகரிடம் சொல்ல முடியாது. நம் வீட்டில் விசுவாசம் என்று இருந்ததெல்லாம் உன்னுடையதுதானா? நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதானா? உன்னைப் பறிகொடுத்தது போதாதென்று ஆண்டவரையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனோ என்று பயந்து கிடந்தேன்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டு முத்துலெட்சுமி பொரிகடலை கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க காலையில வாசிக்கது எங்க அடுப்படிக்குக் கேக்கும். பெரியக்கா இருக்கப்ப நல்லா கேட்டுக்கிட்டிருப்பேன். இப்ப ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு."

"என்ன விளங்கல?"

"இன்னைக்கு வாசிச்ச படகுக் கதைதான். அவரு தூங்குதாரு. காத்தடிக்கு, படகுல தண்ணி ஏறுது. ஒடனே, நம்பிக்கைய எங்க வச்சிட்டு வந்தீங்கன்னு எல்லாரையும் ஏசுதாரு. தூங்குத மனுசன் எப்படி ஏசுவாரு? அவர யாரு எழுப்புனா? காத்து என்னாச்சி? நடுவுல நீங்க முழுங்கிட்டீங்களா?"

சின்ன வயதிலிருந்து தெரிந்த கதை. ஆனாலும் உள்ளே போய் வேதத்தை எடுத்துவந்து பார்த்தேன். நடுவில் இருந்தது உன் வசனம். அதில்தான் சீஷர்கள் ஆண்டவரை எழுப்புகிறார்கள். சாகப்போகிறோம் என்று அலறுகிறார்கள். அதில்தான் அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார். இத்தனை மாதமாக என் பங்குக்குப் புயலும் ஏச்சும் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

முத்துலெட்சுமிக்கு அதை வாசித்துக் காட்டினேன். "அதானே பாத்தேன். எழுப்பாம எப்படி எந்திரிப்பாரு?" என்று சொல்லிவிட்டு, பொரிகடலைக் கிண்ணத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் உன் வசனங்களையும் நானே வாசித்தேன். வேறு யாரோ வாசிக்கிறாற்போல இருந்தது. முடித்துவிட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தது பார், அது ஜெபமா என்று எனக்கே தெரியாது. "எங்க அக்காவ ஏன் எடுத்தீரு? நான் இங்கன ஒத்தையில கெடக்கது ஒமக்குத் தெரியுதா இல்லையா?" என்று கத்திவிட்டேன். முத்துலெட்சுமி வீட்டு அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

உடனே அமைதி கிடைத்ததா என்று கேட்பாய். அமைதிக்கு இங்கே என்ன குறைச்சல், வீடு முழுக்க அதுதான் இருக்கிறது. எனக்கு அழுகைதான் வந்தது. உன்னை அடக்கம் பண்ணின அன்றுகூட நான் அப்படி அழவில்லை. நீ இருந்த காலமெல்லாம் எனக்கும் சேர்த்து நீயே அவரிடம் பேசிவிட்டாய். இது நானாகப் பேசினது. ஏச்சாக இருந்தாலும் என்னுடையது. இல்லாத ஒருவரிடம் யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா அக்கா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒரு வசனத்தையும் தாண்டமாட்டேன். உன்னைப்போல அழகாகப் பேச எனக்கு வராது. அவர் தூங்குகிறாரோ, தூங்குகிறமாதிரி இருக்கிறாரோ, அது அவர் பாடு. நான் தினமும் கூப்பிடுவேன். அவர் எழுந்திருக்கிறவரை கூப்பிடுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கிருபை