ஜாக்கிக்குள் போன குரோஷா ஊசி

கண் மங்கிவிட்டதால்தான் நான் லேஸ் பின்னுவதை விட்டுவிட்டேன் என்று நம் மருமகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. நேற்றுகூட அவள் சுத்தம் செய்துவைத்த துவரம்பருப்பிலிருந்து நான்கு கல் பொறுக்கி அவள் கையிலேயே கொடுத்தேன். நான் லேஸை நிறுத்தக் காரணம் ஒரு கார் ஜாக்கி.

இன்று காலை பொத்தான் தேடி என் பழைய பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஜாக்கி எண்ணெய் வாசனை. அடியில் லேஸ் பின்னும் என் குரோஷா ஊசி, கொக்கி நுனி கோணலாக. கான்வெண்டில் லேஸ் வேலைக்கு எனக்குக் கிடைத்த முதல் பரிசு. வேறு ஊசி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். முதல் பரிசைக் கடையில் விற்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பருத்திக்கொட்டை வியாபாரத்துக்காக நீங்கள் வாங்கிய பழைய காருக்கு ஜாக்கி கிடையாது. திருச்சுழி ரோட்டில் கருவேல முள் குத்தாமல் எந்த டயரும் வீடு திரும்பியதில்லை. விருதுநகரிலிருந்து என் அண்ணன் தன் ஜாக்கியை இரவல் கொடுத்தார். கொடுக்கும்போதே, "மாப்ளைக்குப் பருத்திக்கொட்டை தெரியும். இதெல்லாம் தெரியுமா தாயி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இவுக கை பட்டா எந்த மிஷினும் ஓடும்ணே" என்று சொல்லிவிட்டேன். அன்று காலையில்தான் நீங்கள் அலாரம் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மூன்று திருகு மிச்சம் வைத்திருந்தீர்கள்.

அடுத்த வாரமே நடுரோட்டில், தூக்கி நிறுத்திய கார் எருமை படுப்பதுபோல மெல்ல உட்கார்ந்தது. கீழே குனிந்து, எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, "ஏ கான்வெண்டு, ஜாக்கி அழுகுது" என்றீர்கள். வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலையில் ஜாக்கியை வாங்கிக்கொள்ள அண்ணன் வருவதாகத் தகவல் வந்திருந்தது.

பாலவனத்தம் ரோட்டுப் பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். "உள்ள வாஷர் போச்சு அண்ணாச்சி. அதைக் கழட்டுற சாமான் மதுரையிலதான். அந்தக் காசுக்குப் புது ஜாக்கியே வாங்கிரலாம்."

"அப்ப நாமளே கழட்டுவோம்" என்றீர்கள். பம்புசெட்டு மெக்கானிக்கிடம் பைப் ரிஞ்சு இரவல் வாங்கினீர்கள். சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்புக்குப் போடும் தோல் வாஷரை வாங்கி எண்ணெயில் ஊறவைத்தீர்கள். மூடி திறந்தது. பழைய வாஷர் மட்டும் உள்ளே பள்ளத்தில் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. கேட்காமலே என் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினீர்கள்.

"என் குடைங்க அது!"

"மழையே பெய்யாத ஊர்ல குடை எதுக்கு?"

கம்பி உடைந்தது. மெல்லிய கொக்கி ஒன்று வேண்டும் என்று அடுத்த தெரு நகைப் பத்தரிடம் ஓடினீர்கள். அதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. விளக்கு வைத்தபின் அந்தத் தெருவில் யாரும் ஊசிகூடக் கொடுக்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல; நம் வீட்டிலும் அதே வழக்கம்தான். வாசலில் நின்று நீங்கள் கெஞ்சியதும், "லெச்சுமி வெளிய போயிரும் அண்ணாச்சி, காலையில வாங்க" என்று அவர் சொன்னதும் நம் கொல்லைவரை கேட்டன.

காலையில் அண்ணன் வந்துவிடுவார். நான் தகரப்பெட்டியைத் திறந்தேன். ஊசியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வாஷர் வந்தது. ஊசி வளைந்தது. துடைக்கக்கூட நேரமில்லை, உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

"எப்பிடி வந்துச்சு?"

"தானா வந்துச்சு."

காலையில் அண்ணன் காரைத் தூக்கிப் பார்த்தார். கார் அசையாமல் நின்றது. "அட, நான் குடுக்கும்போதே ஒழுகிட்டுல்ல இருந்துச்சு! தூக்கிப் போடலாம்னு இருந்தேன். நீங்களே வச்சுக்கங்க மாப்ள" என்று சிரித்துவிட்டு வெறுங்கையோடு போனார். அவரோடு நான் ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே உங்கள் அம்மா பெட்டியைத் திறந்து, பரிசு ஊசி எப்படிக் கோணலானது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நீங்கள் சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "நான்தான். ஜாக்கிக்குள்ள விட்டுட்டேன்" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா? வளைந்த ஊசியால் பின்னமாட்டேன் என்று சொல்லி, நீங்கள் இருந்தவரை வருடம் தவறாமல் உங்களைத் திட்டினேன். ஒருமுறைகூட நீங்கள் திருப்பிச் சொல்லவில்லை.

ஊசி வளைந்தபோது நீங்கள் பத்தர் வாசலில் நின்றிருந்தீர்கள். ஊசியைத் தொட்டது நான்.

அந்த ஜாக்கி இன்றும் ஒழுகவில்லை. என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பேரன் பழைய இரும்புக்குப் போடக் கேட்டான், தரவில்லை. ஊசியை இன்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். வாசனை போகவில்லை.

வாஷர் தானாக வரவில்லை என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா, இல்லை பெட்டி திறந்தபோதுதான் தெரிந்ததா? அங்கே வந்து நேரில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். ஆகவே பதிலை எழுத்தில் அனுப்புங்கள். ஒரு வரி போதும்.