மூக்குத்தியைத் தொடாத நாள்

இன்று காலை ஓர் ஆப்பிள் பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஈர மண்ணும் பழைய சாக்கும் கலந்த வாடை. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இருவர் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். "நீலப் பூஞ்சை, தள்ளி வைங்க" என்றேன். "மேடத்துக்கு என்ன மூக்கு!" என்றாள் ஒருத்தி. எனக்கு எரிச்சலாக இருந்தது. மூக்கு என்றால் உன்னுடையதுதான்.

நஞ்சன்கூட்டுக் குளிர்கிடங்கில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் மைசூர் அக்ரஹாரத்து ரயில்வேக்காரர் வீட்டுப் பெண், நீ ஹனூர்க்காரி. முதல் வாரத்திலிருந்தே எனக்கு உன்மேல் வயிற்றெரிச்சல். வெளியே மினுமினுக்கும் பழத்தின் அடிக்குழியை முகர்ந்துவிட்டு, "உள்ள நீலம் புடிச்சிருக்குது புள்ள, அறுத்துப் பாரு" என்பாய். அறுத்தால் விதையைச் சுற்றிக் கூழாகி, நீலப்பச்சைத் தூள் பூத்திருக்கும். என் பி.எஸ்சி. பட்டம் உன் மூக்கின் முன் எடுபடவில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்து உன் மோப்பத்தை அடியோடு கொண்டுபோனது. காபி வாசனைகூட உனக்குத் தெரியவில்லை. "வெளிய சொல்லிப்போடாத புள்ள, எனக்கு ரெண்டு பொண்ணுக இருக்குது" என்று அழுதாய். நான்தான் வழி சொன்னேன். பழத்தை இருவரும் முகர்வோம். நீலப் பூஞ்சை என்றால் நான் என் மூக்குத்தியைத் தொடுவேன், உடனே நீ சொல்லிவிடுவாய். ஐந்து மாதம் இப்படியே ஓட்டினோம். உனக்கு உதவுகிறேன் என்று எனக்குள் பெருமைகூட இருந்தது. மேற்பார்வையாளர் வேலை உனக்குத்தான் என்று முதலாளி வாய்விட்டுச் சொன்ன அன்று அந்தப் பெருமை போய்விட்டது.

மறுநாள் வந்த லாரியில் முதல் பெட்டியிலேயே வாடை. நீ ஒரு பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நல்ல சரக்குங்க சார்" என்றாய். மூன்றே வாரத்தில் அந்தச் சரக்கை அடுக்கிய குளிரறை முழுக்க அழுகி ஒழுகியது. "நாளெயிந்த பரபேட", நாளையிலிருந்து வராதே என்று முதலாளி எல்லோர் முன்னாலும் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். உனக்கென்று சொன்ன மேற்பார்வையாளர் வேலை எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் ரயிலடிக்கு என்னைத் தேடி வந்தாய். திட்டப்போகிறாய் என்று நினைத்து, பதில் பேசத் தயாராக இருந்தேன். "நீ மூக்குத்தியத் தொட்டிருப்ப, நாந்தான் பாக்காம உட்டுட்டனாட்ட இருக்குது. என்னால உனக்கும் பேச்சு. மனசுல வெச்சுக்காத புள்ள" என்றாய். நான் மறுக்கவில்லை. ரயில் வந்தது, ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட ஹனூர் பஸ் ஏறாதவள், நீ செத்த பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

போன வாரம் உன் மூத்த மகள்தான் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "உங்க சைகையப் பாக்காம உட்டுட்டேன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாங்க ஆன்ட்டி" என்று அழுதாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்த உண்மையை விழுங்கிவிட்டேன், அது இன்னும் எனக்குள்தான் இருக்கிறது.

"அதெல்லாம் நான் அப்பவே மன்னிச்சுட்டேம்மா" என்றேன்.